நான் பஸ்ஸுக்கு நின்றவள் அல்ல

முதல் தடவை நான் ஊர்வலத்தில் நடந்ததற்குக் காரணம் கொள்கை எதுவும் இல்லை. பஸ் நகரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சனிக்கிழமை. கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வாரமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. பூந்தமல்லியில் பல் டாக்டரிடம் பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். ஐயப்பன்தாங்கலில் ஏறி உட்கார்ந்தேன். காட்டுப்பாக்கம் வரை ஒழுங்காக வந்த பஸ், குமணன்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்.

"இது இப்போ போவாதும்மா. முன்னால ஊர்வலம் போய்கினு கீது. அர்ஜெண்டா போறவங்க எறங்கி நடந்துருங்க."

குடியுரிமை கொடுக்கும்போது மனிதருடைய மதத்தையும் பார்க்கலாம் என்று ஒரு சட்டம் வந்திருந்த மாதங்கள் அவை. நாடெங்கும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அந்தச் சட்டத்தில் உடன்பாடில்லை. உடன்பாடில்லை என்பதை என் கணவரிடம் சொல்லியிருந்தேன், ரசத்துக்குப் புளி கரைத்தபடி. அதற்கு மேல் எதுவும் செய்ததில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. சொந்தமாக ஒரு கோஷம் போட்டதில்லை. கல்லூரியில் ஸ்டிரைக் நடந்தபோதுகூட ஹாஸ்டல் அறையில் படுத்துத் தூங்கியவள் நான்.

கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்தேன். ஊர்வலத்தின் வாலைப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். தோளில் குழந்தைகள், கையில் தேசியக்கொடி. இரண்டு பக்கமும் இளைஞர்கள் கயிறு பிடித்துக்கொண்டு போனார்கள், சாலையில் பாதியை வண்டிகளுக்கு விடுவதற்காக. நடுவில் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. அத்தனை கூட்டமும் இரண்டாகப் பிளந்து, வண்டி போனதும் ஒட்டிக்கொண்டது. ஓரமாகவே போய் முந்திவிடலாம் என்று வேகமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். என் வயதுதான் இருக்கும். நீளமான துணிப் பேனர் ஒன்றின் ஒரு பக்கக் கொம்பு அவள் கையில் இருந்தது.

"அக்கா, ஒரே நிமிசம் இத்தை புடிங்களேன். எங்க மாமியாவ பின்னாடி எங்கியோ வுட்டுட்டேன். பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கொம்பு என் கைக்கு வந்துவிட்டது, அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். மறுபக்கக் கொம்பைப் பிடித்திருந்தவர் கழுத்தில் சிறு சிலுவை போட்ட, தலை நரைத்த அம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நேரா பிடிம்மா. உன் பக்கம் தொய்யுது."

நேராகப் பிடித்தேன். ஒரு நிமிடம் என்றவள் வரவேயில்லை. கொம்பை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், பக்கத்தில் நடந்த எல்லோர் கையிலும் ஒரு குழந்தையோ கொடியோ தண்ணீர் பாட்டிலோ இருந்தது. கரையான்சாவடி தாண்டினோம். கோஷம் போட்டவர்கள் ஒரு தடவைகூட யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன். "சட்டத்துக்கு மதமில்லை" என்று முன்னால் ஒரு குரல் கேட்கும். "அரசுக்கு மதமில்லை" என்று பின்னால் ஆயிரம் குரல் கேட்கும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ என் வாயும் அதைச் சொல்லியது. பல்வலியோடு சொன்னதால் சரியாக வரவில்லை.

பூந்தமல்லி பஸ் நிலையம் அருகே தேசிய கீதம் பாடி முடித்ததும் அவள் வந்து சேர்ந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதக்கா. அவங்களுக்கு முட்டி வலி, ஒரு கடையில ஒக்கார வெச்சிட்டு வந்து பாத்தா நீங்க எங்கியோ பூட்டீங்க. ஒரு டீ சாப்ட்டுப் போங்க."

டீ குடித்தோம். கரையான்சாவடி மெயின் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் தையல்கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். பிளவுஸ் தைக்க வரச் சொன்னாள். நான் போனபோது பல் டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். பல்லைத் திங்கட்கிழமைதான் பிடுங்கினேன்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஞாயிறு காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. பேனர், கொம்பு, நான். என் முகத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே, "இது நம்ம பி பிளாக் தானே?"

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எதையும் பதறாமல் பார்ப்பவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பஸ் நின்னுபோச்சு, யாரோ கையில கொடுத்தாங்க, பிடிச்சேன்னு போட்டுரு. உண்மையும் அதானே?"

உண்மை அதுதான். அப்படியே தட்டச்சு செய்தேன். அனுப்பப் போகும் நேரத்தில் ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் எனக்குப் பரிந்து எழுதினார்: "பாவம், விவரம் தெரியாம மாட்டிக்கிட்டாங்க போல. தெரிஞ்சிருந்தா அவங்ககூட எல்லாம் நடந்திருக்க மாட்டாங்க."

அந்த 'அவங்ககூட எல்லாம்' என்பதை இரண்டு தடவை படித்தேன். முட்டி வலிக்கும் மாமியாரைத் தேடி ஓடியவள். என் பக்கம் தொய்கிறது என்று அதட்டிய நர்ஸம்மா. நான் எழுதி வைத்திருந்ததை அழித்தேன். "ஆமாம், நான்தான்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

"இதுக்கு மேல நீ எதுவும் எழுதாத," என்றார் கணவர். எழுதவில்லை. எழுதியதே போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையானவர். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நாளைக்கு போலீஸ் அது இதுன்னு வந்து விசாரிச்சா மொத்தக் குடியிருப்புக்கும் கெட்ட பேரு. குரூப்ல ஒரு வரி, வருத்தம்னு போட்டுருங்க. நான் பேசி முடிச்சிடறேன்."

"எதுக்கு சார் வருத்தம்?"

"நடந்ததுக்கு."

"நடந்ததுக்கா? என் காலாலதானே சார் நடந்தேன்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்.

"தெரியாமத்தான் கேக்கறேன். இதுல உங்களுக்கு என்ன மேடம்? உங்களை யாரு என்ன பண்ணப்போறாங்க?"

அந்த வாரம் முழுவதும் ஆபீஸ் பஸ்ஸில் இந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டு போனேன். சென்னைக்கு வந்த புதிதில் வாடகை வீடு தேடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டிலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். நாங்கள் சொன்னோம். வீடு கிடைத்தது. அதே மாதம் வேலைக்குச் சேர்ந்த, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணிடமும் அதையே கேட்டார்கள். அவளும் சொன்னாள். அவளுக்கு நான்கு மாதம் வீடு கிடைக்கவில்லை. நான் அவளிடம், "சீக்கிரம் கிடைச்சிடும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பதில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டதால் அந்தக் கேள்வி தப்பென்றே எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் கேட்கிறார் என்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். அரசாங்கம் கேட்டால் எங்கே போவது? அரசாங்கத்துக்கு ஒரு சாமி இருக்கக் கூடாது. இருந்தால், அந்தச் சாமியைக் கும்பிடாதவன் கொடுத்த மனுவைக் கடைசியில்தான் எடுத்துப் படிக்கும். நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள். என் சாமிக்கு அரசாங்கத்தின் சிபாரிசு தேவை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை நானாகவே கரையான்சாவடியில் இறங்கி அந்தத் தையல்கடைக்கு ஏறிப் போனேன். பிளவுஸ் துணி எதையும் கொண்டுபோகவில்லை. நர்ஸம்மாவும் அங்கே இருந்தார். புது பேனர் ஒன்று தரையில் விரிந்து கிடந்தது. அரசியல் சாசனத்தின் முகப்புரையைக் கறுப்புப் பெயிண்டில் எழுதி வாங்கியிருந்தார்கள். கடையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இருந்தது.

படித்துக்கொண்டே வந்தவள் நின்றேன். சமயச் சார்பின்மை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சார்பினமை' என்று இருந்தது. 'ன்'னுக்குப் புள்ளி இல்லை.

"இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

தையல்காரி வந்து குனிந்து பார்த்தாள். "ஒத்தப் புள்ளிதானேக்கா? யார் பாக்கப்போறா?"

"நான் பாத்தேனே. போட்டோ எடுத்துப் போடுவாங்க. எழுதவே தெரியாதவங்க சாசனத்தப் பத்திப் பேச வந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க."

பெயிண்ட் அடித்தவர் திருநின்றவூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். மேசை இழுப்பறையிலிருந்து பட்டன் டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, கோட்டுக்குத் தைக்கிற பெரிய கறுப்புப் பட்டன் ஒன்றைத் தேடி எடுத்தாள். 'ன'வின் தலைக்கு மேலே வைத்துப் பார்த்தாள்.

"இப்போ?"

"இப்போ சரி."

நாலு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். "மழ பேஞ்சாலும் இது அழியாது," என்றாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை கரையான்சாவடியிலிருந்து தாலுகா அலுவலகம் வரை போய் மனு கொடுப்பதாகத் திட்டம். அனுமதி கேட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் போவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். நர்ஸம்மா எனக்கு விதிகளைச் சொன்னார்.

"கல்லைத் தொடக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. பஸ்ஸ மறிக்கக் கூடாது. நிறுத்தினா அங்கயே உட்காரணும். கைதுன்னா எழுந்து வண்டியில ஏறணும். ஓடக் கூடாது. ஓடினா நாம தப்பு பண்ணினதா ஆயிடும்."

ஆபீஸில் ஒருநாள் விடுப்பு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். எழுதும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. புதன் காலை செருப்பு மாட்டும்போது கணவர் கேட்டார்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா."

"தைராய்டு மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப சரி," என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குக் கிளம்பினார்.

அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கூட்டத்தின் கடைசி தெரியவில்லை, அவ்வளவுதான் தெரியும். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி ஆவடியில் இறங்கி வந்தவர்களெல்லாம் இருந்தார்கள். சர்ச்சிலிருந்து ஒரு குழு, காதில் ஹெட்போன் தொங்க என்னைப் போன்ற ஐடி ஆட்கள் சிலர், பழக்கடையை மூடிவிட்டு வந்த ஒரு குடும்பம். பேனரின் ஒரு கொம்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அரைக் கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம். தடுப்பு வைத்து மறித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மைக்கில், இது அனுமதியில்லாத கூட்டம், கலைந்து போங்கள் என்று மூன்று தடவை சொன்னார். அவர் குரலிலும் கோபம் இல்லை. நாங்கள் உட்கார்ந்தோம். தார்ச்சாலை சூடு புடவைக்குள் ஏறியது. அவர் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பஸ்கள் வந்தன. வரிசையாக எழுந்து ஏறினோம். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தையல்காரி பேனரை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்களைக் கொண்டுபோய் இறக்கியது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணம் நடந்திருக்கிறது. மேடைப் பின்னணியில் தெர்மோகோல் எழுத்தில் மாப்பிள்ளை பெண் பெயர்கள் அப்படியே இருந்தன, சாமந்தி மாலை வாடித் தொங்கியது. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் மூச்சு வாங்கிய வயதான பெண்கள் இருவரை நர்ஸம்மா உட்கார வைத்தார். கைப்பையிலிருந்து பி.பி. பார்க்கும் கருவியை எடுத்தார். கைதாவோம் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார்.

வாசலருகே மேசை போட்டு ஒரு பெண் ஏட்டு உட்கார்ந்து பெயர்களை எழுதினார். பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி. வரிசையில் எனக்கு முன்னால் தையல்காரி. அவள் விவரத்தை எழுதிவிட்டு நிமிர்ந்த ஏட்டு, என் முகத்தைப் பார்த்தார். நெற்றிப் பொட்டைப் பார்த்தார். தோளில் தொங்கிய ஆபீஸ் பையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், நீங்க பஸ்ஸுக்கு நின்னவங்கதானே? கூட்டத்துல சேத்து ஏத்திட்டாங்களா? சாரி மேடம். அந்தப் பக்கம் கதவு இருக்கு, நீங்க கிளம்புங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்கிறார். எனக்கு முன்னால் நின்ற யாரிடமும் அவர் அப்படிக் கேட்கவில்லை. தையல்காரியிடம், பழக்கடை அம்மாவிடம், யாரிடமும். அவர்களும் ஒருவேளை பஸ்ஸுக்கு நின்றவர்களாக இருந்திருக்கலாமே? அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு மாதமாக நான் படித்த கட்டுரை எதுவும் எனக்கு இத்தனை தெளிவாக விளக்கியதில்லை. ஒரு முகத்தைப் பார்த்ததும் கதவு திறக்கிறது, இன்னொரு முகத்தைப் பார்த்ததும் பேனா எழுதுகிறது. கேள்விகூடக் கேட்க வேண்டியதில்லை.

தையல்காரி திரும்பி என் காதருகே சொன்னாள்.

"போக்கா. ஊட்டுக்குப் போ. ஆபீஸ் போறவ நீ. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

அதுதான் என்னை அதிகம் சுட்டது. நாங்க என்கிறாள், நீ என்கிறாள். அதிலும் கோபமில்லை, பழகிப்போன ஏற்பாடு மாதிரி சொல்கிறாள். பயமில்லை என்று சொல்ல ஆசைதான். பயம் இருந்தது. வேலை, வீட்டுக் கடன், கணவர், அப்பா காதுக்குப் போனால் என்ன சொல்வார், எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன. ஆனாலும் என் குரல் மண்டபத்தின் பின்வரிசை வரை கேட்கிற மாதிரி வந்தது.

"நான் பஸ்ஸுக்கு நிக்கல மேடம். இவங்ககூடத்தான் வந்தேன். பேனர் பிடிச்சது நான்தான். என் பேரையும் எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம். கேஸ் ஆகும்."

"ஆகட்டும். முகவரி சொல்றேன், எழுதுங்க. பி பிளாக், இரண்டாவது மாடி."

ஏட்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்தார். எழுதினார்.

தையல்காரி அப்புறம் அரைமணி நேரம் என்னுடன் பேசவில்லை. அவளுக்கு என் மேல் வருத்தமா, கோபமா என்று புரியவில்லை. பிறகு எங்கிருந்தோ சாம்பார் சாதப் பொட்டலங்கள் வந்தன. இரண்டை வாங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குக்கா இப்டி பண்ணே?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "சரி, துன்னு. ஆறிப்போச்சு."

இரண்டு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். விடுப்பு என்று தெரிந்தும் கூப்பிடுவார், அவர் வழக்கம் அப்படி.

"ஒரு பத்து நிமிஷம் லாகின் பண்ண முடியுமா? ரிலீஸுக்கு உங்க ஒப்புதல் வேணும்."

"இப்ப முடியாது. கைதாகியிருக்கேன்."

"என்ன ஆகியிருக்கீங்க?"

"கைது. கல்யாண மண்டபத்துல வெச்சிருக்காங்க."

பின்னணியில் மண்டபத்து இரைச்சல் அவருக்குக் கேட்டிருக்கும்.

"எப்ப விடுவாங்க?"

"ஆறு மணிக்குன்னு சொல்றாங்க."

"அப்ப ஆறரைக்கு ஒரு கால் போடலாமா?"

சாப்பிட்டு முடித்ததும் பேனரை மேடையில் விரித்துப் பிடித்தார்கள். யாராவது முகப்புரையைப் படிக்க வேண்டும் என்றார் நர்ஸம்மா. "நீ படி. தப்புக் கண்டுபிடிக்கிறவதானே," என்று என்னைத் தள்ளிவிட்டார். மைக் இல்லை. நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, மண்டபம் திருப்பிச் சொன்னது. 'இந்திய மக்களாகிய நாம்' என்று ஆரம்பித்ததும் கூரைத் தகரம் அதிர்ந்தது. வாசலிலிருந்து ஏட்டு உள்ளே வந்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."

"கோஷம் போடல மேடம். அரசியல் சாசனத்தைத்தான் படிக்கறோம்."

"அது தெரியுது. பின்னாடி ஸ்கூல் இருக்கு. பசங்க பரீட்சை எழுதுறாங்க."

அதைக் கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். மீதியை முணுமுணுப்பாகவே படித்தோம். மூன்றரைக்குப் பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே ஓடும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா எழுந்து நின்றார். "முதல்லேருந்து," என்றார். அந்தத் தடவை நாங்கள் குரலைக் குறைக்கவில்லை. ஏட்டும் உள்ளே வரவில்லை.

ஆறு மணிக்கு வெளியே விட்டார்கள். மண்டப வாசலில் கணவர்கள், அண்ணன்கள், மகன்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். என் கணவர் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"அட்ரஸ் சரியா குடுத்தியா? பின்கோடு?"

"குடுத்தேன்."

"சரி, ஏறு."

காட்டுப்பாக்கம் தாண்டும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். "என்னையும் கூப்பிட்டிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அவரும் வந்தார்.

அந்த ஞாயிறு குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம். குடியிருப்புக்குக் களங்கம் உண்டாக்குபவர்களைச் சங்கம் கண்டிக்கிறது என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். என் பெயர் அதில் இல்லை. நான் எழுந்து நின்றேன்.

"களங்கம்னு பொதுவா எழுதாதீங்க சார். பி பிளாக் இரண்டாவது மாடியில குடியிருக்கறவங்க, அரசியல் சாசனம் எழுதின பேனரைப் பிடிச்சதுக்காகக் கைதானாங்கன்னு எழுதுங்க. அதை எழுதிட்டு ஓட்டுக்கு விடுங்க. யார் யார் கை தூக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அந்தத் தீர்மானம் ஓட்டுக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. மூன்று குடும்பங்கள் என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டன. அதில் ஒரு வீட்டுடன் ஏழு வருடமாகக் கொலு சுண்டல் மாற்றிக்கொண்டிருந்தோம். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதே வாரம், எனக்காகப் பரிந்து "பாவம்" என்று எழுதிய ஏ பிளாக்காரரின் மனைவி லிப்டில் என்னுடன் தனியாக வந்தார். கதவு மூடியதும், "அடுத்தது எப்ப?" என்றார்.

அதன் பிறகு கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டியது. மறு வருடம் ஆபீஸில் என்னை ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்தேன். வழக்கு ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று எழுதினேன். விசாரணைக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இளவயது போலீஸ்காரர் ஒருவர் கோப்பைப் புரட்டினார். கணினியில் எதையோ பார்த்தார்.

"படிச்சவங்க, நல்ல வேலையில இருக்கீங்க. ஒண்ணு செய்யுங்க மேடம். இனிமே இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போக மாட்டேன்னு ஒரு கடிதம் குடுத்துட்டா, மேல சொல்லி சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்."

"அப்படிக் கடிதம் கேக்கணும்னு விதி இருக்கா சார்?"

"விதி இல்ல. ஒரு இதுக்குத்தான்."

"அப்ப வேண்டாம். நான் போவேன். கூப்பிட்டா போவேன், கூப்பிடாட்டாலும் போவேன். வேணும்னா அதையே எழுதித் தர்றேன்."

அவர் கோப்பை மூடிப் பக்கத்தில் இருந்த அடுக்கின் அடியில் வைத்தார். ஏழு மாதம் அது அங்கேயே இருந்தது. ஜெர்மனிக்கு என் கீழே வேலை பார்த்த ஒருவர் போய் வந்தார். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பிறகு அரசு அந்த மாதிரி வழக்குகளைத் திரும்பப் பெற்றது. பாஸ்போர்ட்டும் தபாலில் வந்தது.

சட்டம் அப்படியேதான் இருக்கிறது. நாங்களும் அப்படியேதான் இருக்கிறோம். போன மாதம் ஆவடியில் ஒரு ஊர்வலம் என்று சேதி வந்தது. ஆபீஸில் விடுப்பு கேட்டேன். காரணம் என்ற இடத்தில் இந்தத் தடவை 'ஊர்வலம்' என்றே எழுதினேன். மேனேஜர் ஒப்புதல் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குக் கைதாவீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினார். அனுமதி கிடைத்துவிட்டது, கைது இருக்காது என்று பதில் போட்டேன். தையல்காரியையும் நர்ஸம்மாவையும் ஏற்றிக்கொண்டு, ஏ பிளாக் அம்மாவும் நானுமாக நான்கு பேர் ஒரே ஆட்டோவில் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆவடி ரயில் நிலையத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். நாங்கள் இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.